ரோபோ நாவல்களில் ஸ்விட்ச் எங்கே?

போன மாதம், நான் வேலை பார்த்த சிங்கப்பூர் நூலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்த பிள்ளை.

"அங்கிள், நீங்க ஒரு நாள் வரணும் லா. நம்ம பிரான்ச்சுல ரோபோ வந்திருக்கு. ஷெல்ஃப் ஷெல்ஃபா போயி எந்த புக் இடம் மாறி இருக்குன்னு ஸ்கேன் பண்ணுது. உங்களத்தான் முதல்ல கூப்பிடணும்னு எல்லாரும் சொன்னாங்க."

போனேன். இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்த விருந்தாளி அல்லவா? பீரோ உயரத்தில் ஒன்று, முழங்கால் வலியோடு நடக்கும் என்னைவிட மெதுவாக, அலமாரிகளுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்தது. முகம் இல்லை, கை இல்லை. நான் குறுக்கே போய் நின்றேன். அது நின்றது. நான் விலகினேன். அது போயிற்று. எங்கள் சந்திப்பு அவ்வளவுதான்.

"எப்படி அங்கிள்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"மரியாதை தெரிஞ்ச பிள்ளை," என்றேன்.

அப்புறம் தேநீர் குடிக்கும்போது இளையவர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அந்த ஃபாக்டரி அக்கா கதையைச் சொல்லச் சொன்னார்கள். என் பிரிவுபசார விருந்தில் மூன்று பேர் மைக்கைப் பிடித்து அதைச் சொன்னார்கள். மூன்றும் தப்பு. ஒருவர் கதையில் நான் ஒரு தொழிற்சாலையையே மூட வைத்தேன். இன்னொருவர் கதையில் ரோபோவுக்கு வாசகர் அட்டை போட்டுக் கொடுத்தேன். நான் அவ்வளவு பெரிய முட்டாள் இல்லை. நடுத்தர முட்டாள். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். அப்போது ஃபேரர் பார்க் பக்கம் ஓவன் ரோட்டில் ஓர் அறையில் குடியிருந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் திரும்பக் கொடுக்கும் தேதியை முத்திரை குத்தியதில் கழிந்தன. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டைவிரலில் ஊதா மை ஏறியது, இறங்கவேயில்லை.

அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஏதோ ஒரு முகாமில் சிப்பாய்கள் படித்துவிட்டுப் போட்ட புத்தகங்கள் பெட்டி பெட்டியாக எங்களுக்கு நன்கொடையாக வந்து இறங்கின. பிரித்தால் பாதிக்கு மேல் விண்வெளி நாவல்கள். சுருட்டு வடிவத்தில் ராக்கெட்டுகள், தகர டப்பா உடம்போடு ரோபோக்கள், இரண்டு சூரியன்கள் உள்ள வானம். தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் முதல் நாவலில் ராக்கெட் கிளம்பியதும் அகராதியை மூடி வைத்துவிட்டேன். புரியாத சொல்லையெல்லாம் ஏதோ ஒரு கருவியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு படித்தேன். அப்படியே ஒரு பெட்டி தீர்ந்தது. நூலகத்தில் எனக்கு ராக்கெட் பழனி என்று பெயர் விழுந்தது. கேலியாக வைத்த பெயரைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

என் மேலதிகாரி திரு. ஜமாலுதீன். பூர்வீகம் நாகூர்ப் பக்கம், குடும்பத்துக்கு அராப் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை. துணி விற்கப் பிடிக்காமல் புத்தகத்துக்கு வந்தவர். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பைப் பார்த்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், ஊதுவார், டை நுனியால் துடைப்பார், மறுபடி போட்டுக்கொண்டு அந்தத் தப்பையே பார்ப்பார். கண்ணாடியில்தான் ஏதோ கோளாறு என்பது போல இருக்கும். இரண்டாம் தடவை துடைக்கும்போது நமக்கு உள்ளங்கை வியர்க்கும். மூன்றாம் தடவை துடைத்தால், வேறு வேலை தேடலாமா என்று தோன்றும்.

அந்தச் சிப்பாய்ப் பெட்டிகள் அவரைப் படாதபாடு படுத்தின. அட்டைப்படங்களில் பச்சை நிறப் பிராணிகள் தூக்கிக்கொண்டு ஓடும் பெண்களுக்கு உடை போதவில்லை. ஐந்து வேளை தொழுகிற மனிதர். புத்தகங்களை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நூலக முத்திரைய அட்டையிலயும் ஒண்ணு குத்திடுங்க."

"எந்த எடத்துலங்கய்யா?"

"படத்தப் பாத்து... யோசிச்சுக் குத்துங்க."

எங்கள் நூலக முத்திரை நல்ல பெரிய வட்டம். அன்று முழுக்க யோசித்து யோசித்துக் குத்தினேன். சில அட்டைகளில் இரண்டு முத்திரை தேவைப்பட்டது.

கண்ணாடி துடைப்பதைத் தவிர, ஜமாலுதீன் ஐயாவுக்கு ஒரு விதியும் இருந்தது. தகவல் மேசையில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார். "வாசகர் வந்து ஒரு விஷயத்தப் பத்திப் புத்தகம் கேட்டா, உடனே நாற்காலிய விட்டு எழும்பாதீங்க. எதுக்குன்னு கேளுங்க. எப்ப வேணும்னு கேளுங்க. எந்தப் பாஷைல சௌகரியம்னு கேளுங்க. அப்புறம் எழும்புங்க. கேக்காம எழும்பிட்டா, உங்க காலு தனக்குப் பழக்கமான ஷெல்ஃபுக்குத்தான் போகும்."

என் கால் அப்படித்தான் போயிற்று. வருடக்கணக்காகப் போயிற்று. கேக் செய்வது எப்படி என்று கேட்ட அம்மாவுக்குச் செவ்வாய்க் கிரகத்தில் பயிர் வைப்பவர்களின் கதையைக் கொடுத்தனுப்பினேன். கப்பல் வேலைக்குப் போக நினைத்தவரிடம் விண்கப்பலைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு மன்றத்துக் கூட்டத்தில், இரண்டாயிரமாம் ஆண்டு சிங்கப்பூர் எப்படி இருக்கும் என்று சொற்பொழிவே ஆற்றினேன். பறக்கும் பேருந்து வரும், சமையலை ரோபோ பார்த்துக்கொள்ளும், மனிதன் ஓய்வாக உட்கார்ந்து படிப்பான் என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "அப்ப நாங்க எல்லாம் எங்க வேலைக்குப் போறது?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கு நாவல்களில் பதில் இருந்ததாக ஞாபகம் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஊரில் பல தொழிற்சாலைகள் ஆள் குறைத்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் லூர்துமேரி வந்தார். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகையில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் வேலை. நீலச் சீருடை, கழுத்தில் சின்னச் சிலுவை, வயது முப்பத்தைந்து இருக்கலாம். எங்கள் வட்டாரத் தேவாலயத்துப் பாடற்குழுவோடு கிறிஸ்துமஸுக்கு நூலகத்தில் வந்து பாடியவர் என்பதால் முகம் தெரியும்.

"அண்ணே, ரோபோ பத்திப் புக் இருக்கா?"

எத்தனை வருடமாக நான் வலியப் போய்த் திணித்துக்கொண்டிருந்த விஷயத்தை ஒருவர் தானாகக் கேட்டுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதற்கு, எப்போது, எந்தப் பாஷையில் என்று எதையும் கேட்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் எழுந்தேன்.

ஒரு தடவைக்கு நான்கு புத்தகம் தரலாம். நான்கையும் நானே தேர்ந்தெடுத்தேன். வரிசையைக்கூட நானே வகுத்தேன். முதலில் பழைய நாவல்கள். அவற்றில் ரோபோ சொன்னதைக் கேட்கும், கடைசியில் எஜமானருக்காக நசுங்கிப்போகும். அடுத்து அதற்குக் கொஞ்சம் பிந்தையவை. ரோபோ மனிதனாக ஆசைப்பட்டு ஏங்கும். அதற்கும் பிறகு புதியவை. எப்போதும் மழை பெய்யும், மனிதனே தான் ரோபோவோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டு திரிவான். புதியவை எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. இருந்தாலும் ஒரு பாடத்திட்டம் என்றால் முழுமையாக இருக்க வேண்டுமே.

அவருக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். வேலைக்குப் போகும் பேருந்தில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தாராம். நான்கையும் கொண்டுவந்து கொடுப்பார், அடுத்த நான்கை வாங்கிப் போவார். நடுவில் சந்தேகம் கேட்பார்.

"அண்ணே, இந்தக் கதைல அந்த மெஷினு அழுவுதே. எல்லாமே அழுவுமா?"

"அது ரொம்ப அட்வான்ஸ்டு மாடல்மா."

"எங்களுக்கு வர்றது?"

"ஆரம்பத்துல அழாது," என்றேன் ஒரு நிபுணரின் நிதானத்தோடு. எங்களுக்கு வர்றது என்று அவர் சொன்னது என் மண்டையில் ஏறவேயில்லை.

இன்னொரு தடவை சரக்குக் கப்பல் கதை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். அதில் மூட்டை ஏற்றும் ரோபோ ஒன்று திடீரென்று அசையாமல் நின்றுவிடும். கெட்டுப்போயிற்று என்று நினைத்து ஒரு மாலுமி பக்கத்தில் போய் அதன் தோளைத் தட்டுவான். அடுத்த பக்கத்தில் மாலுமி இருக்க மாட்டான். "பாவம்ணே அவன். என்னத்துக்கு கிட்டப் போனான்?" என்று அவர் கேட்டதும், கதையில் திகிலைக் கட்டும் முறையைப் பற்றி நான் விளக்கினேன். அவர் பேருந்தை விட்டுவிட்டார்.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. ஒரு நாள் மதிய ஷிஃப்டுக்கு முன்னால் வந்தார். புத்தகங்களை மேசையில் வைத்தார். முகம் வாடியிருந்தது.

"எல்லாம் படிச்சிட்டேண்ணே. ஆனா அதோட ஸ்விட்ச் எங்க இருக்குன்னு ஒருத்தருமே சொல்ல மாட்டேங்கிறாங்களே?"

"ஸ்விட்ச் எதுக்கும்மா?"

"அடுத்த வாரம் டெஸ்ட் இருக்குல்ல."

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிய வந்தது. அவர் வேலை பார்க்கும் வரிசைக்கு ரோபோக் கைகள் வரப்போகின்றன. அந்த வரிசையில் இருக்கும் பெண்களில் மூன்று பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்தக் கைகளைப் பார்த்துக்கொள்ளப் பழக்குவார்கள். மற்றவர்களுக்கு வேலை இல்லை. ஜப்பானியப் பொறியாளர் ஒருவரும் சூப்பர்வைசரும் நேரில் கேள்வி கேட்பார்கள். லூர்துமேரியின் வீட்டுக்காரருக்குக் கப்பல் பட்டறையில் வேலை போய்ப் பல மாதம் ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகள். வீட்டில் வந்துகொண்டிருந்தது இவர் சம்பளம் ஒன்றுதான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழும் ரோபோ, மழையில் நிற்கும் ரோபோ, கவிதை எழுதும் ரோபோ என்று ஒரு பெண்ணின் சோற்றில் அத்தனையையும் அள்ளிப் போட்டிருக்கிறேன். நேரே ஜமாலுதீன் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். மூன்றாம் தடவைக்குக் காத்திருக்காமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் எழுந்து வந்து லூர்துமேரிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எதிரில் உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா, டெஸ்டுல எழுதணுமா, பேசணுமா?" என்று ஆரம்பித்தார். எழுத வேண்டாம், வாயால் பதில் சொன்னால் போதும், உடைந்த ஆங்கிலமானாலும் பரவாயில்லை, அந்த வகைக் கை ஒன்றின் படத்தை ஏற்கெனவே சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், அவருக்குப் பயமெல்லாம் பொறியாளரின் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்பதுதான். நான் ஒரு மாதமாகத் தெரிந்துகொள்ளாததை ஐயா தேநீர் ஆறுவதற்குள் தெரிந்துகொண்டார்.

பிறகு மற்ற கிளைகளுக்குத் தொலைபேசியில் பேசினார். மறுநாள் வேனில் ஒரு புத்தகம் வந்தது. தொழிற்சாலை ரோபோக்களைப் பற்றிய அசல் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடு. லூர்துமேரி நாலு தாளைப் புரட்டிவிட்டு மூடி, இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். ஒரே ஓர் அத்தியாயம் மட்டும் சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி இருந்தது. பாதுகாப்பு பற்றியது. அதைத் தமிழில் எழுதிக் கொடுக்கும்படி ஐயா என்னிடம் சொன்னார்.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினேன். மறுநாள் ஐயா சிவப்புப் பேனாவோடு படித்தார். 'மானிடனின் கட்டளைக்காக மௌனமாய்க் காத்திருக்கும் உலோகக் கரம்' என்று தொடங்கியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு மேலே 'கை' என்று எழுதினார். 'உயிர்மூச்சாகிய மின்சாரத்தைத் துண்டித்தல்' என்பதை அடித்துவிட்டு 'கரண்டை நிறுத்து' என்று எழுதினார். நான்கு பக்கம் எழுதியது அரைப் பக்கமாயிற்று.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி," என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அரைப் பக்கத்தை லூர்துமேரி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஜெபம் பண்ணிக்கோங்கண்ணே" என்றார். எனக்குக் கோவில் என்றால் திருவிழாவுக்குப் போவதோடு சரி. அந்த வாரம் வீரமாகாளியம்மன் கோவிலுக்கு மூன்று தடவை போனேன். அம்மனிடம் ரோபோவை எப்படி விளக்குவது என்று தெரியாமல் வேலை என்று மட்டும் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

டெஸ்ட் முடிந்த மறுநாள் அவர் வந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

"கெடச்சிருச்சுண்ணே."

ஜமாலுதீன் ஐயாவும் எழுந்து வந்துவிட்டார். என்ன கேட்டார்கள் என்று விசாரித்தோம். பல கேள்விகளுக்கு இவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதாம். கடைசியில் பொறியாளர் ஒன்று கேட்டாராம்: கை பாதி வழியில் நின்றுவிட்டது, அதன் பிடியில் ஒரு பாகம் மாட்டியிருக்கிறது, நீ என்ன செய்வாய்?

"எல்லாரும் டக்குனு எடுத்துடுவோம்னு சொல்லியிருக்காங்கண்ணே. எங்க லைன்ல அப்படித்தானே? எதாவது மாட்டுனா கைய விட்டு எடுத்துருவோம். ஸ்பீடா எடுக்கிறவங்களத்தான் சூப்பர்வைசருக்குப் பிடிக்கும். நான் மட்டும் கிட்டவே போகமாட்டேன்னு சொன்னேன். நின்னுடுச்சுன்னு நம்பக்கூடாது, முதல்ல கரண்ட நிறுத்தணும், அப்புறந்தான் கிட்டப் போகணும்னேன். அந்த ஜப்பான்காரரு எந்திரிச்சு நின்னு தலையக் குனிஞ்சாரு."

"நான் எழுதிக் குடுத்தது உதவிச்சுதா?" என்றேன்.

"அதுல ஒண்ணுமே ஞாபகம் வரலண்ணே. அந்தக் கப்பல் கதைதான் ஞாபகம் வந்துச்சு. தோளத் தட்டப் போனானே, அந்தப் பாவி."

அன்று எனக்கு வாயெல்லாம் பல். விண்வெளி நாவலால் என்ன பிரயோசனம் என்று கேட்டவர்களையெல்லாம் தேடிப் போய்ச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது நானே திட்டம் போட்டுச் செய்தது மாதிரி ஆகிவிட்டது. வார இறுதியில் ஜமாலுதீன் ஐயா என் மேசைப் பக்கம் வந்தார்.

"தம்பி, அந்தம்மாகூட இருந்து வேலை போனவங்கள்ல யாராவது நம்ம மெம்பரா?"

"தெரியலைங்கய்யா. கேக்கலை."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அதற்குப் பிறகு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிவதை நிறுத்தினேன். ஆனால் அதற்குள் நான் சொல்லிக் கேட்டவர்கள் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

பல மாதங்கள் லூர்துமேரியைக் காணவில்லை. பயிற்சி, புது ஷிஃப்ட் என்று யாரோ சொன்னார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். சீருடை அதே நீலம், சட்டைப் பையில் மட்டும் புது அடையாள வில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதிதாக வந்திருந்த நாவல்களை அவருக்கென்றே எடுத்து வைத்திருந்தேன்.

"இதப் பாருங்க லூர்து. சனிக்கிரகத்துக்குப் போற கப்பல். கப்பல்ல இருக்கிறது பூரா ரோபோதான். மனுஷன்னு ஒரே ஒருத்தன்."

"வேணாம்ணே."

"இது ரொம்ப நல்லா..."

"வேணாம்ணே," என்றார் மறுபடியும். புத்தகத்தைத் தொடவில்லை. "முன்னாடி இந்தப் பக்கம் ஜெயா உக்காந்திருப்பா. அந்தப் பக்கம் ஆ மோய். எதுத்தாப்புல ஃபாத்திமா. எட்டு மணி நேரமும் வாய் ஓயாது. பிள்ளைங்க கத, மாமியார் கத, என்ன கொழம்பு வச்சோம்னு... சூப்பர்வைசர் பேசாதீங்கன்னு கத்திக்கிட்டே இருப்பாரு. இப்ப அந்த எடத்துல எல்லாம் அதுங்க நிக்குது. டிக்கு டிக்குன்னு போட்டுக்கிட்டே இருக்கு. எங்க மூணு பேருக்கும் வேற வேற ஷிஃப்டு. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். கத்துறதுக்குக்கூட யாரும் வர்றதில்ல."

நான் அந்த நாவலை மேசைக்குக் கீழே வைத்தேன்.

"மனுஷங்க நிறைய வர்ற கதையாக் குடுங்கண்ணே. தமிழ்ல. கூட்டுக் குடும்பம், கல்யாண வீடு, சண்ட சச்சரவு, எதுன்னாலும் பரவால்ல. எல்லாரும் ஒரே நேரத்துல பேசணும்."

இத்தனை வருட வேலையில் அந்த அலமாரிப் பக்கம் நான் போனதேயில்லை. தமிழ்க் குடும்ப நாவல் என்றால் எனக்கு இளக்காரம். எந்தக் கதையில் யார் இருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. இருப்பதிலேயே தடிமனான ஒன்றை உருவினேன். முதல் பக்கத்திலேயே ஒரு வீடு நிறைய ஆட்கள் சாப்பாட்டுப் பந்திக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

லூர்துமேரி நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார். ஓர் இடத்தில் சிரித்தார். பிறகு புத்தகத்தை முத்திரைக்காக என் பக்கம் நகர்த்திவிட்டு, கையை அதன் மேலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"கடைசி வரைக்கும் எல்லாரும் இருப்பாங்களாண்ணே?"

நான் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை.

"இருப்பாங்கம்மா," என்று சொல்லி முத்திரை குத்தினேன்.